வயர்லெஸ் மைக்குக்குள்ளே என்ன இருக்கு?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். விசைப்படகில் இருக்கிற வயர்லெஸ் செட்டின் ஹேண்ட்செட்டைக் கையில் எடுத்து பட்டனை அழுத்துகிறோம். செட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. 25 வாட் திறனுள்ள ரேடியோ அலை ஆன்டெனாவில் இருந்து கிளம்பிவிட்டது. அப்படியானால் நம்ம குரலும் போய்விட்டது என்று அர்த்தமா?

"ஆமாம்" என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை முழுசா படியுங்கள். "இல்லை" என்று சொல்பவர்கள், ஏன் இல்லை என்று பக்கத்தில் நிற்கிற நண்பருக்குச் சொல்லிவிட்டுப் படியுங்கள்!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளான நமக்கு இந்த செட்டு புதுசு இல்லை. போட்டில் இருக்கும், கப்பலில் இருக்கும், துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலும் இருக்கும். ஆனால் அந்தக் கைப்பிடிக்குள் நடப்பது நமது இயற்பியல் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

கடலில் பேசப் பயன்படுவது வி.எச்.எஃப். அலை. இதில் 16-ஆம் சேனல் உலகம் முழுக்க ஆபத்துக்கும், ஒருவரை ஒருவர் முதலில் கூப்பிடுவதற்கும் உரியது. அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் என்ன? 300-ஐ 156.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.91 மீட்டர்.

நம்ம குரலின் அதிர்வெண்ணோ சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். அது தானாக வானலையில் தூரம் போகாது. ஆகவே 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் மேல் குரலை ஏற்றி அனுப்புகிறோம். சுமக்கிற அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். ஏற்றுகிற வேலைக்குப் பண்பேற்றம் என்று பெயர். கடல் செட்டில் நடப்பது அதிர்வெண் பண்பேற்றம், அதாவது எஃப்.எம்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஃப்.எம்.மில் குரலுக்குத் தகுந்தபடி ஊர்தி அலையின் அதிர்வெண் மட்டும் கொஞ்சம் மேலே கீழே நகரும். கடல் சேனலில் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பக்கம், 5 கிலோஹெர்ட்ஸ் அந்தப் பக்கம். அலையின் திறன் கூடாது, குறையாது. நாம் பேசினாலும் 25 வாட்தான், வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் 25 வாட்தான். லாரி கிளம்பிவிட்டது என்பதால் அதில் சரக்கு ஏறிவிட்டது என்று சொல்ல முடியுமா? சிவப்பு விளக்கு லாரி கிளம்பியதை மட்டும்தான் சொல்கிறது.

ஹேண்ட்செட்டுக்குள் 4 கம்பி

டெலிபோன் ரிசீவர் மாதிரி இருக்கிற ஹேண்ட்செட்டில் இருந்து செட்டுக்கு ஒரு சுருள் ஒயர் போகும். மாடலுக்கு மாடல் கம்பிகள் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அடிப்படை வேலைக்கு 4 கம்பி போதும்.

1. மைக் கம்பி – குரலைக் கொண்டு போகும்.
2. பட்டன் கம்பி – அழுத்தினால் பேசலாம் என்கிற பட்டனுக்கு உரியது. பி.டி.டி. என்பார்கள்.
3. ஸ்பீக்கர் கம்பி – காதுப் பக்கத்துக்கு ஒலியைக் கொண்டு வரும்.
4. பொதுக் கம்பி – மேலே சொன்ன மூன்றுக்கும் திரும்பி வரும் வழி. எர்த் கம்பி என்றும் சொல்வார்கள்.

குரல் ஒரு கம்பியில், பட்டன் இன்னொரு கம்பியில் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

வாயிலிருந்து ஆன்டெனா வரை

படி 1: மைக்
இப்போது அதிகமாக வருவது எலெக்ட்ரெட் மைக். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் கண்டுபிடித்தது. உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அது ஒரு மின்தேக்கியின் ஒரு தகடு. பேசும்போது சவ்வு அதிர்கிறது, தகடுகளுக்கு இடையே தூரம் மாறுகிறது, அதனால் மின்னழுத்தம் மாறுகிறது. மைக்குக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் அதை வெளியே கொடுக்கிறது.

அந்த டிரான்சிஸ்டருக்குச் சாப்பாடு வேண்டாமா? செட்டில் இருந்து ஒரு மின்தடை வழியாக நேர்மின்னோட்டம் அதே மைக் கம்பியிலேயே வருகிறது. மின்தடை 2.2 கிலோ ஓம், மின்னோட்டம் 0.3 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி மின்தடையில் குறைவது 0.66 வோல்ட். மீதி மைக்குக்கு. ஒரே கம்பியில் சாப்பாடு போகிறது, குரல் வருகிறது!

படி 2: இணைப்பு மின்தேக்கி
அடுத்து வரும் பெருக்கிக்குக் குரல் மட்டும் போதும், நேர்மின்னோட்டம் போகக் கூடாது. ஆகவே நடுவில் ஒரு மின்தேக்கி வைக்கிறார்கள். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் மின்மறுப்பு 300 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 530 ஓம்தான். குரல் சுலபமாகத் தாண்டிவிடும். நேர்மின்னோட்டத்துக்கு அது மூடிய கதவு.

படி 3: காவல்காரன்
25 வாட் அலை பக்கத்திலேயே பாய்கிறது. அது சுருள் ஒயரில் ஏறி மைக் வழியாக உள்ளே வந்தால் குரல் கரகரவென்று கெட்டுப்போகும். இதைத் தடுக்க மைக் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் நடுவே 100 பிக்கோஃபாரட் போல ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 156.8 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 10 ஓம். 1000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 16 லட்சம் ஓம்! அதாவது ரேடியோ அலைக்கு அது குறுக்கு வழி, குரலுக்கு அது இல்லாத மாதிரியே. ஒரே பொருள், இரண்டு முகம்.

படி 4: பெருக்குதல், தூக்குதல், வெட்டுதல்
மைக்கில் இருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்குகிறார்கள். பிறகு மேல் அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் தூக்கி விடுகிறார்கள். ஏன்? ச, ஸ, ஷ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது மேல் அதிர்வெண் ஒலிகள். அவை பலவீனமானவை. எஃப்.எம்.மில் இரைச்சலும் மேல் அதிர்வெண்ணில்தான் அதிகம். தூக்கி அனுப்பி, வாங்குகிற இடத்தில் அதே அளவு இறக்கினால் குரல் பழையபடி ஆகிவிடும், இரைச்சல் மட்டும் குறைந்துவிடும். நல்ல தந்திரம் இல்லையா?

அடுத்து ஒரு வரம்பு கட்டும் சுற்று. எவ்வளவு கத்தினாலும் 5 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டவிடாது, உச்சியை வெட்டிவிடும். கடைசியாக ஒரு வடிப்பான் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நிறுத்திவிடும்.

இதில் இருந்து நமக்கு என்ன தெரிகிறது? மைக்கில் கத்தினால் குரல் அதிக தூரம் போகாது! உச்சி வெட்டுப்பட்டு எழுத்துகள்தான் சிதையும். வாயில் இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சாதாரணமாகப் பேசினால் போதும்.

ஆன்டெனாவிலிருந்து காது வரை

வந்த அலையில் அதிர்வெண் நகர்ந்ததை மட்டும் பார்த்து குரலைப் பிரித்தெடுக்கிறது செட்டு. முன்பு தூக்கியதை இறக்குகிறது. பிறகு வால்யூம், அதன் பிறகு ஒலிப்பெருக்கி ஐ.சி., கடைசியில் ஸ்பீக்கர்.

நடுவில் ஸ்குவெல்ச் என்று ஒரு வாயில்காப்பான் உண்டு. யாரும் பேசாதபோது எஃப்.எம். செட்டில் "உஸ்ஸ்" என்று இரைச்சல் வரும். ஊர்தி அலை வந்தவுடன் இரைச்சல் அடங்கிவிடும். குரலுக்கு மேலே உள்ள அதிர்வெண்களில் இரைச்சல் இருக்கிறதா என்று ஸ்குவெல்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால் ஸ்பீக்கரை மூடும், அடங்கினால் திறக்கும்.

பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

பட்டன் கம்பியைப் பொதுக் கம்பியோடு தொட வைக்கிறது. அவ்ளோதான். அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர். ஆனால் அந்தச் சைகையைப் பார்த்து உள்ளே டிரான்சிஸ்டர்கள் மூன்று வேலை செய்கின்றன. ஆன்டெனா ரிசீவரில் இருந்து டிரான்ஸ்மிட்டருக்கு மாறும். ஸ்பீக்கர் அடங்கும். டிரான்ஸ்மிட்டர் பேட்டரியில் இருந்து ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கத் தொடங்கும்.

ஆகவே பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேச முடியாது. எங்க மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே வரிதான்: "பட்டன வுட்டாத்தான் காது தொறக்கும் பாப்பா."

எங்க மாமா போட்டில் நடந்தது

மாமா காசிமேட்டு விசைப்படகில் டிரைவர். ஒரு தடவை திரும்பி வரும்போது வலைக்கயிறு புரொபெல்லரில் சுத்திக்கிட்டு இன்ஜின் நின்றுவிட்டது. காற்று போட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மாமா ஹேண்ட்செட்டை எடுத்துக் கூப்பிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று தடவை இடத்தைச் சொன்னார். பட்டனை விட்டதும் வேறு போட்டு ஆட்கள் பேசிக்கொள்வது அவருக்கு நன்றாகவே கேட்டது: "எவனோ பட்டன அமுக்குறான்பா, வாய்ஸே வரல." கேட்பது எல்லாம் கேட்கிறது, ஆனால் தான் சொல்வது யாருக்கும் போகவில்லை!

நல்லவேளை, கரை அவ்வளவு தூரம் இல்லை. செல்போனில் டவர் கிடைத்தது, இன்னொரு போட்டு போய்க் கட்டி இழுத்து வந்தது. "இன்னும் நாலு மைல் வெளியே இருந்திருந்தா செல்லும் கெடையாது" என்று அத்தையிடம் மாமா மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன்.

ரிப்பேருக்குக் கொடுத்தபோது ஒரு கடையில் "செட்டே போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். இன்னொரு மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டரை வைத்து சுருள் ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தார். ஹேண்ட்செட்டின் கழுத்து ஓரத்தில், ரப்பருக்கு உள்ளே, மைக் கம்பி மட்டும் அறுந்து பச்சைப் பிடித்திருந்தது. பட்டன் கம்பி நன்றாக இருந்தது. ஆகவே லாரி கிளம்பியது, சரக்கு ஏறவில்லை. இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா?

எந்தக் கம்பி அறுந்தது? நீங்களே கண்டுபிடியுங்கள்

மைக் கம்பி அறுந்தால்: சிவப்பு விளக்கு எரியும். மற்றவர்களுக்கு இரைச்சல் அடங்கும், ஆனால் குரல் இருக்காது.

பட்டன் கம்பி அறுந்தால்: கேட்பது கேட்கும். அழுத்தினால் ஒன்றுமே ஆகாது, விளக்கும் எரியாது.

ஸ்பீக்கர் கம்பி அறுந்தால்: நாம் பேசுவது போகும். ஹேண்ட்செட்டின் காதுப் பக்கம் ஊமை.

பொதுக் கம்பி அறுந்தால்: ஹேண்ட்செட்டில் எதுவுமே வேலை செய்யாது.

பட்டன் ஒட்டிக்கொண்டால்: இதுதான் ரொம்ப மோசம். செட்டு எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். போட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றும் கேட்காது. எஃப்.எம்.மில் இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால் வலுவானதுதான் கேட்கும், பலவீனமானது அமுங்கிவிடும். ஆகவே பக்கத்தில் ஒரு போட்டின் பட்டன் ஒட்டிக்கொண்டிருந்தால், தூரத்தில் ஒருவர் உயிருக்குக் கூப்பிடுவது சுற்றி உள்ள யாருக்கும் கேட்காது. சில செட்டுகளில் சில நிமிடத்தில் தானே நிறுத்தும் டைமர் உண்டு. எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஹேண்ட்செட்டை மெத்தை, வலை, சாமான் மேலே போடாமல் கொக்கியில் மாட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஒயரைச் சோதிக்கும்போது செட்டை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மற்ற ஊரில் பல வருடம் வருகிற ஒயர் கடலில் அவ்வளவு நாள் வராது.

ஒரு எண் தவறினால்?

ஆபத்தில் "மேடே, மேடே, மேடே" என்று மூன்று முறை சொல்லி, போட்டின் பெயரையும் இடத்தையும் சொல்ல வேண்டும். இடம் என்றால் ஜி.பி.எஸ். காட்டும் எண்கள். நமது காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஏறத்தாழ 13 டிகிரி 7 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 18 நிமிடம் கிழக்கு. அட்சரேகையில் 1 நிமிடம் என்பது 1 கடல் மைல், அதாவது 1852 மீட்டர்.

இப்போது இதை யோசியுங்கள். பட்டனை அழுத்தியதும் டிரான்ஸ்மிட்டர் தயாராகவும், எதிர் செட்டின் ஸ்குவெல்ச் திறக்கவும் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் "பதினேழு" என்று சொன்னால் "பதி" வெட்டுப்பட்டு "ஏழு" என்று மட்டும் கேட்கலாம். 17-க்கும் 7-க்கும் வித்தியாசம் 10 கடல் மைல், 18 கிலோமீட்டருக்கும் மேல்! தேடுகிறவர்கள் அங்கே தேடுவார்கள், போட்டு இங்கே இருக்கும்.

ஆகவே அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேச வேண்டும். "பதினேழு" என்று சொல்லாமல் "ஒன்று, ஏழு" என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல வேண்டும். பேசி முடித்த பிறகுதான் பட்டனை விட வேண்டும். கடலுக்குக் கிளம்புவதற்கு முன் பக்கத்துப் போட்டுக்காரரிடம் 16 அல்லாத, பேசுவதற்குரிய சேனலில் "குரல் கேட்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விளக்கைப் பார்த்தால் போதாது, பதில் வர வேண்டும்.

எவ்வளவு தூரம் போகும்?

வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போவது. பூமி உருண்டை என்பதால் ஆன்டெனா உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் கூட்ட வேண்டும். இரண்டு போட்டிலும் 4 மீட்டர் உயரம் என்றால் 4.12 × (2 + 2), ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கரையில் 49 மீட்டர் கோபுரம் என்றால் 4.12 × (2 + 7), ஏறத்தாழ 37 கிலோமீட்டர்.

அதற்கு அப்பால் எத்தனை வாட் போட்டாலும் பெரிய பயன் இல்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கும் முயற்சி வேகம் பிடித்தது. ஆனாலும் பக்கத்தில் இருக்கிற போட்டு ஓடி வர வேண்டும் என்றால், அதற்கு இன்றைக்கும் குரல்தான்.

செய்து பாருங்கள்

வானலையில் விளையாட்டுக்குக் கூட அனுப்பக் கூடாது. அதற்கு உரிமம் வேண்டும், 16-ஆம் சேனலில் விளையாடினால் ஒரு உயிர் போகலாம். ஒயர் வழியாகவே பேசிப் பார்க்கலாம். சாமான்கள் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

தேவை: எல்.எம். 386 ஐ.சி., எலெக்ட்ரெட் மைக், 4.7 கிலோ ஓம் மின்தடை, 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், 1 மைக்ரோஃபாரட், 220 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள், 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, நீளமான ஒயர்.

செய்முறை: மைக்கின் உறையோடு சேர்ந்த கால் பேட்டரியின் எதிர்முனைக்கு. இன்னொரு காலுக்கு 4.7 கிலோ ஓம் வழியாக நேர்முனை. அதே காலில் இருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக வால்யூம் கண்ட்ரோலின் ஒரு ஓரத்துக்கு. அதன் மறு ஓரம் எதிர்முனைக்கு, நடுக்கால் ஐ.சி.யின் 3-ஆம் காலுக்கு. 2, 4 ஆம் கால்கள் எதிர்முனைக்கு. 6-ஆம் கால் நேர்முனைக்கு. 5-ஆம் காலில் இருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரின் மறுகால் எதிர்முனைக்கு. இதில் பெருக்கம் 20 மடங்கு. போதவில்லை என்றால் 1, 8 ஆம் கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200 மடங்கு. ஸ்பீக்கரைப் பக்கத்து வகுப்பறையில் வையுங்கள், இல்லையென்றால் "கூ" என்று ஊளையிடும்.

இனி சோதனை. ஒருவர் மைக்கில் 20 எண்களை வாசிக்கட்டும், இன்னொருவர் ஸ்பீக்கரைக் கேட்டு எழுதட்டும். பிறகு மைக்கின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் வைத்து வேறு 20 எண்கள். அதன் மின்மறுப்பு 300 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5300 ஓம், 3000 ஹெர்ட்ஸில் 530 ஓம். மேல் அதிர்வெண்கள் வழியிலேயே வடிந்துவிடும். குரல் கேட்கும், ஆனால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். எத்தனை எண் தவறியது என்று எண்ணிப் பாருங்கள். சத்தம் வேறு, சொல் வேறு என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும்.

நினைவில் வைக்க

இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. செல் டவர் கிடைக்கிற தூரத்தில் மட்டும்தான் இது உதவும். அதற்கு அப்பால் 16-ஆம் சேனல். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மூளைக்கு வேலை

1. ஹேண்ட்செட்டில் கேட்கவும் இல்லை, பேசவும் முடியவில்லை. ஆனால் செட்டின் சொந்த ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கிறது. எந்தக் கம்பி?

2. 9 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு போட்டுகள் எத்தனை கிலோமீட்டர் வரை பேசலாம்?

3. 16-ஆம் சேனலுக்குக் கால் அலைநீள ஆன்டெனா எத்தனை சென்டிமீட்டர்?

விடைகளைத் துண்டுத் தாளில் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்.

– காசிமேட்டில் இருந்து வரும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி